செவியின் சாட்சியம்: ஒலிக்கருவி விளம்பரங்களைப் பற்றிய ஒரு விசாரணை

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் தமிழர் இசை கேட்டு வளர்ந்த வரலாறு பெரும்பாலும் சிறிய கருவிகளின் வரலாறாகும். 1946ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளும், அதன் வழிவந்து ஒரு காலத்தில் வானொலி ஆறு என்றும் இன்று மின்னல் எஃப்எம் என்றும் வழங்கும் நிலையத்தின் பாடல்களும், சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் பால்மரம் வெட்டி வாழ்ந்த மக்களின் லயத்து வீடுகளுக்குள், உள்ளங்கை அகலமே உள்ள ஒலிபெருக்கி ஒன்றைத் தாங்கிய டிரான்சிஸ்டர் பெட்டிகளின் வாயிலாகவே நுழைந்தன. அத்தகைய பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். ஜாலராவின் உயர்ந்த நாதக் கூறுகள் மங்கிவிடும். எனினும் அதைக் கேட்டவர்கள் ராகச் சாயல்களை இனங்கண்டார்கள்; பாடகர் மூச்செடுக்கும் இடத்தைக்கூட அறிந்து வைத்திருந்தார்கள்; இரவில் கேட்ட பாட்டை மறுநாள் காலையில் வெட்டுக்காட்டில் பாடினார்கள். இசையை அனுபவிக்கும் சக்தி கருவியின் விலையைச் சார்ந்திருப்பதன்று என்பதற்கு அவர்கள் வாழ்க்கையே பிரத்தியட்சப் பிரமாணம். இதனை முதலிலேயே கூற நேர்வதற்குக் காரணம், ஒலிக்கருவி வியாபாரத்தில் வழங்கும் கூற்றுகளை ஐயுறுகிறவன் இசையனுபவத்தையே ஐயுறுகிறான் என்றதோர் அபிப்பிராயம் ரசிகர்களிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதேயாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நடப்பட்டு, சில நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின்னர், அம்மக்களின் பிள்ளைகளில் பலர் ஈப்போவின் புந்தோங்கிலும் நகரைச் சூழ்ந்த தாமான்களிலும் குடியேறினார்கள். மாதச் சம்பளமும் தவணை முறையில் பொருள் வாங்கும் வசதியும் வந்தபோது, கேசட் பெட்டியும் ஹைஃபை செட்டும் கரோக்கே யந்திரமும் வரவேற்பறைக்கு வந்தன. அவற்றோடு, இன்ன கருவியில் இன்னின்ன அற்புதம் நிகழும் என்னும் வாக்குறுதிகளும் வந்தன. வீட்டுக்கு வாங்குகிறவர் ஏமாந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போகும். கோவில் நிர்வாகக் குழுவினர் ஏமாந்தால், தைப்பூசத்துக்கும் ஆடித் திருவிழாவுக்கும் பத்தும் இருபதுமாக வெள்ளி கொடுத்த நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பணம் போகும். ஆகவே இது செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய விவகாரமென்று ஒதுக்கத் தக்கதன்று.

1980களிலும் 1990களிலும் நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்ட பாட்டுப்பெட்டிகளின் முகப்பில், பி.எம்.பி.ஓ. என்னும் எழுத்துகளும், அவற்றை அடுத்து 800 வாட், 1,200 வாட், சில வேளைகளில் அதனினும் பன்மடங்கான எண்களும் பளபளப்பாக அச்சிடப்பட்டிருந்ததைப் பலர் நினைவு கூரலாம். கணப்பொழுதில் எட்டக்கூடிய உச்சத் திறன் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டதேயன்றி, அதனை எவ்வாறு அளப்பது என்பதற்கு அனைவரும் ஒப்புக்கொண்ட வரையறை ஏதும் இருந்ததில்லை. இவ்வெண்களைப் பரிசோதிக்கப் பொறியியற் கல்வி வேண்டியதில்லை. பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். எட்டுப் பெரிய பேட்டரிகளில் இயங்கும் பெட்டிக்குக் கிடைப்பது 12 வோல்ட் மின்னழுத்தம். அதிலிருந்து 1,200 வாட் வெளிப்பட வேண்டுமாயின் 100 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். அவ்வளவு மின்னோட்டத்தை அப்பேட்டரிகள் ஒருநாளும் தாரா. 5,000 வாட் என்று எழுதப்பட்ட பெட்டியோ, அக்காலத்து 240 வோல்ட் மின்சாரத்தில் ஏறத்தாழ 21 ஆம்பியர் இழுக்க வேண்டும். நம் வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கின் எல்லை 13 ஆம்பியர். இவ்வளவும் போக, பெட்டியைத் திருப்பி அதன் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தவர்கள், அது செலவிடும் மின்சக்தி 20 வாட் அல்லது 30 வாட் என்று தயாரிப்பாளரே பொறித்திருந்ததைக் கண்டிருப்பார்கள். உட்கொள்ளும் சக்தியினும் மிகுதியான சக்தியை இடையறாது வெளியிடும் யந்திரம் உலகில் இல்லை. அமெரிக்காவில் கூட்டரசு வர்த்தக ஆணையம் 1974ஆம் ஆண்டிலேயே, வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் திறனைத் தொடர்ச்சியான சராசரி அளவில், ஒலிச் சிதைவின் விழுக்காட்டையும் அதிர்வெண் எல்லையையும் உடன் குறிப்பிட்டே விளம்பரம் செய்யவேண்டுமென்று விதி வகுத்தது. அவ்விதிக்குப் பின்னும் பல்லாண்டுகள் நம் பிரதேசத்துச் சந்தையில் இவ்வெண்கள் தடையின்றி உலவின.

வாட் என்னும் எண் மெய்யாகவே இருந்தாலும், அது சொல்லுவது மிகக் குறைவு. திறன் இரட்டித்தால் ஒலி மட்டம் உயர்வது 3 டெசிபல். செவிக்கு ஏறக்குறைய இருமடங்கு உரத்துக் கேட்க வேண்டுமாயின் திறன் பத்து மடங்காக வேண்டும். தோட்டத்துக் கோவில் திருவிழாக்களை அறிந்தவர்களுக்கு இதன் மறுபக்கம் எளிதில் விளங்கும். மரக்கிளையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று, 30 வாட் ஆம்ப்ளிஃபயரின் துணையோடு, லயங்கள் அனைத்தையும் கடந்து அடுத்த டிவிஷன் வரைக்கும் பக்திப் பாடலைக் கொண்டு சென்றதே, அது எவ்வாறு? வீட்டு ஒலிபெருக்கி ஒரு வாட் பெற்று ஒரு மீட்டர் தொலைவில் தரும் ஒலி 85 முதல் 90 டெசிபல். குழாய் ஸ்பீக்கர் தருவதோ 105 முதல் 110 டெசிபல். இருபது டெசிபல் வேறுபாடு என்பது திறனில் நூறு மடங்குக்குச் சமம். எனவே அந்த 30 வாட், குரலொலியின் எல்லைக்குள், வீட்டு ஒலிபெருக்கிக்குக் கொடுத்த 3,000 வாட்டின் வேலையைச் செய்தது. அதற்கு ஈடாக, ஏறக்குறைய 300 அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலிகளை அது கைவிட்டது. உறுமியின் அடிவயிற்று முழக்கம் அதில் வாராது. கோவிலுக்கு ஒலிபெருக்கி வாங்கச் செல்லும் குழுவினர் வாட் எவ்வளவு என்று கேட்பதை விடுத்து, ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல், எந்த அதிர்வெண்ணிலிருந்து எந்த அதிர்வெண் வரை என்று வினவத் தொடங்கினால், பேரத்தின் முகமே மாறிவிடும்.

இதுவரை கூறியவை எண்ணால் தீர்க்கத்தக்கவை. எண்ணுக்கு அடங்காதவை என்று சொல்லப்படும் கூற்றுகளே கடினமானவை. வெள்ளி கலந்த கம்பியால் குரலில் இனிமை கூடியது, தடித்த மின்சார வயரால் இசைக்குப் பின்னுள்ள நிசப்தம் ஆழமாயிற்று, நூறு மணி நேரம் ஓடிய பின்னர் ஆம்ப்ளிஃபயர் பக்குவமடைந்தது என்றெல்லாம் உரைப்பவர்கள் பொய்யர்கள் அல்லர். தாம் கேட்டதாக உணர்ந்ததையே உரைக்கிறார்கள். அவ்வுணர்வு செவி வழியாக வந்ததா, வேறு வழியாக வந்ததா என்பதே வினா.

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்து அளவை வாதி பிரமாணங்களைப் பத்தாக வகுத்துச் சொன்னபின், பிரமாணம் போலத் தோன்றி ஏமாற்றும் எட்டு ஆபாசங்களையும் எடுத்துரைக்கிறான். இப்பியை வெள்ளியென்று கொள்ளும் திரியக் கோடலும், ஆராயாமல் தறியை மனிதனென்று துணியும் தேராது தெளிதலும், காரணமின்றிப் பிறர் சொல்லக் கருதிவிடும் நினைப்பும் அவற்றுட் சில. விலைச்சீட்டைப் பார்த்தபின், விற்பவர் சொல்லைக் கேட்டபின், நண்பரின் வியப்பைக் கண்டபின் செவி கேட்பதெல்லாம் இம்மூன்றனுள் ஒன்றாக இருக்கக்கூடும். காட்சியை முதற் பிரமாணமாக வைத்த நம் அளவை நூலோர், காட்சியிலும் ஐயமும் திரிபும் நுழையும் என்பதை மறைக்கவில்லை; செவி கேட்டது என்னும் ஒரே காரணத்தால் விசாரணையை முடித்துவிடலாகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த நுழைவாயிலை அடைப்பதற்கு ஒலி ஆராய்ச்சியாளர்கள் கண்ட உபாயம் எளிமையானது: கேட்பவருக்கும், கருவியை மாற்றுபவருக்கும், இப்போது ஒலிப்பது எதுவென்று தெரியாதபடி செய்துவிடுவது. 1994ஆம் ஆண்டில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் இருவர், ஒலிக்கருவி செய்யும் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த நாற்பது பேரைக் கொண்டு நான்கு ஒலிபெருக்கிகளை மதிப்பிடச் செய்தார்கள். ஒருமுறை திரைக்குப் பின்னே மறைத்தும், ஒருமுறை கண்ணெதிரே வைத்தும் அப்பரீட்சை நடந்தது. கண்ணுக்குத் தெரிந்தபோது, உருவிற் பெரியனவும் விலை மிக்கனவும் மதிப்பெண்ணில் உயர்ந்தன. சிறியதும் மலிவானதும் தாழ்ந்தது. வியப்புக்குரியது இதனினும் ஒன்றுண்டு. அறையில் இடம் மாற்றி வைத்தபோது உண்மையாகவே எழுந்த ஒலி வேறுபாட்டை, மறைவில் கேட்டபோது நன்கு உணர்ந்த அவர்களே, கருவியைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரிதும் கவனியாமல் விட்டார்கள். கண் இல்லாத பேதத்தைக் கற்பித்ததோடு நில்லாமல், இருந்த பேதத்தையும் மறைத்துவிட்டது. ஒலித்துறையில் பழகியவர்களுக்கே இக்கதியென்றால், சனிக்கிழமை மாலையில் கடையொன்றின் குளிரூட்டிய அறையில் அரைமணி நேரம் அமரும் சாமானியருக்கு என்ன பாதுகாப்பு உண்டு?

கம்பிகளின் விஷயத்தில் 1983ஆம் ஆண்டு லாரன்ஸ் கிரீன்ஹில் என்பவர் ஸ்டீரியோ ரிவ்யூ இதழுக்காக நடத்திய சோதனை இன்றும் படிக்கத்தக்கது. விலையுயர்ந்த மான்ஸ்டர் கேபிளையும், மேசை விளக்குகளுக்குப் பயன்படும் 16ஆம் இலக்கச் சாதாரணக் கம்பியையும், 24ஆம் இலக்க மெல்லிய கம்பியையும் அவர் ஒப்பிட்டார். முதலிரண்டுக்கும் இடையே இசையில் வேறுபாடு காண எவராலும் இயலவில்லை. மெல்லிய கம்பி மட்டும் அவ்விரண்டினும் தாழ்ந்ததாகத் தோன்றியது. இதற்குக் காரணமும் தெளிவு. மூன்று மீட்டர் தொலைவுக்குப் போக்குவரத்தாக ஆறு மீட்டர் கம்பி வேண்டும். மெல்லிய கம்பியில் அதன் மின்தடை ஏறக்குறைய அரை ஓம். தடித்த கம்பியில் அதன் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு முன்னால் அரை ஓம் என்பது அளக்கத்தக்க இழப்பு; அதில் ஆறில் ஒரு பங்கு பொருட்படுத்தத் தக்கதன்று. ஈப்போவில் எந்த இரும்புக் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, வீட்டு வரவேற்பறைக்கு வேண்டியதை நிறைவேற்றிவிடும் என்பதே இதன் பொருள். அக்கம்பியைவிடப் பன்மடங்கு விலை கேட்பவர், அவ்விலைக்குரிய பேதத்தை மறைவுச் சோதனையில் காட்டக் கடமைப்பட்டவர்.

அத்தகைய சோதனையை நடத்துவதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. சில நியதிகள் தேவை. முதலாவது, ஒலி மட்டத்தைச் சமன் செய்வது. ஒரு டெசிபலின் சில பத்தில் பங்குகள் கூடினாலும், செவி அதனை உரப்பு என்று உணராமல் தெளிவு என்றும் உயிரோட்டம் என்றும் உணர்கிறது. அதன்றியும், ஒலி மட்டம் தாழும்போது கீழ்ச்சுருதி ஒலிகளைச் செவி விரைந்து இழக்கிறது என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டியுள்ளார்கள். இரண்டு கருவிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் விற்பனையாளர், விரலின் சிறு அசைவால் ஒன்றை மேம்படுத்திவிட முடியும். அது அவரே அறியாமலும் நிகழலாம். ஒலிபெருக்கியின் முனைகளில் வோல்ட் மீட்டரை வைத்து, ஒரு விழுக்காட்டளவுக்குள் சமன் செய்தாலன்றி ஒப்பீடு ஒப்பீடாகாது. இரண்டாவது, எண்ணிக்கை. பத்து முறை மறைவில் கேட்டு எட்டு முறை சரியாகச் சொல்லிவிட்டேன் என்று ஒருவர் பெருமிதம் கொண்டால், குருட்டு ஊகத்தாலேயே எட்டோ அதற்கு மேலோ சரியாக அமைவதற்கு நூற்றில் ஐந்துக்கும் மேற்பட்ட வாய்ப்பு உண்டு என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டும். ஒன்பதோ பத்தோ சரியாக அமைவதற்கான வாய்ப்பு 1,024இல் 11 மாத்திரமே. அதனை எய்தினால் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு, மறு பரீட்சைக்கும் இடமுண்டு.

ஒப்பீடு இல்லாத அனுபவம் எவ்வளவு எளிதில் வழிதவறும் என்பதற்கு, பேராக்கின் கடலோரப் பகுதியிலேயே, இசைக்குப் புறம்பானதோர் உதாரணம் இருக்கிறது. சித்தியவானிலும் தெலுக் இந்தானிலும், கடைவீடுகளின் மேல்மாடிகளைப் பறவைக்கூடு வளர்க்கும் இல்லங்களாக மாற்றி, உண்ணத்தக்க கூடு கட்டும் உழவாரக் குருவிகளை வரவழைப்பதற்காக, அவற்றின் ஒலிப்பதிவைச் சிறு ஒலிபெருக்கிகளின் மூலம் நாள்தோறும் ஒலிக்கச் செய்கிறார்கள். இன்ன பதிவுக்குக் குருவி மிகுதியாக வரும், இன்ன ஒலிபெருக்கிக்கு விரைவாக வரும் என்னும் வியாபாரக் கூற்றுகள் அத்தொழிலிலும் மலிந்துள்ளன. குருவிக்கு விலைச்சீட்டும் விளம்பரமும் தெரியா. ஆதலால் அதன் சாட்சியம் பட்சபாதமற்றது. ஆனால் ஒரு மாடியில் கூடுகள் பெருகியதற்கு ஒலிப்பதிவு காரணமா, உள்ளேயிருந்த ஈரப்பதமும் வெப்பநிலையும் இருளும் காரணமா, பறவைகள் வழக்கமாகப் பறக்கும் பாதையில் அக்கட்டடம் அமைந்தது காரணமா என்பதை, மற்றவற்றை ஒரே நிலையில் வைத்து ஒலியை மட்டும் மாற்றிப் பார்த்தாலன்றி எவரும் அறிய முடியாது. பெரும்பாலோர் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிட்டு, இறுதியாக வாங்கிய பொருளுக்குப் புகழைக் கொடுக்கிறார்கள். வீட்டு இசைக்கருவியிலும் நடப்பது இதுவே.

பழைய இசைத்தட்டுகளின் மீது இப்போது எழுந்துள்ள மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஈப்போவில் ஞாயிறுதோறும் கூடும் மெமரி லேன் பழம்பொருட் சந்தையில் ஆர்வத்தோடு தேடித் திரிபவர்களை நான் மதிக்கிறேன். ஸ்டீரியோ பதிவால் பெயர்பெற்ற 1978ஆம் ஆண்டின் ‘ப்ரியா’ போன்ற படங்களின் தட்டைக் கையில் ஏந்தும் மகிழ்ச்சி பொய்யானதன்று. ஆயினும், எண்முறைப் பதிவு எங்கேனும் குறுக்கிட்டால் தம் செவி உடனே கண்டுகொள்ளும் என்று கூறுகிறவர்கள், 2022ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் வெளிப்பட்ட செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். மொபைல் ஃபிடெலிட்டி என்னும் நிறுவனம், மூல நாடாவிலிருந்து நேரே செதுக்கப்பட்டவை என்று ரசிகர்கள் நம்பி மிகுந்த விலை கொடுத்து வாங்கிய தட்டுகளில் பலவற்றுக்கு, இடையில் எண்முறைப் பிரதியொன்றைப் பயன்படுத்தி வந்தது. பல்லாண்டுகளாக அத்தட்டுகளைக் கேட்டுப் போற்றியவர்களில் தேர்ந்த விமரிசகர்களும் இருந்தனர். உண்மையை வெளிக்கொணர்ந்தது செவியன்று, ஒரு கடைக்காரரின் விசாரணையும் நிறுவனத்தாரின் ஒப்புதலுமேயாம். வழக்குகளும் தொடரப்பட்டன. அத்தட்டுகள் நன்றாக ஒலித்தன என்பது உண்மை. எண்முறை கலந்தால் ஒலி கெடும் என்ற கூற்றுத்தான் அந்நிகழ்ச்சியில் தோற்றது.

ஐயம் ஒருபக்கமாகச் சாயவும் கூடாது. எல்லா ஆம்ப்ளிஃபயர்களும் ஒன்றே, எல்லா வேறுபாடும் மனப்பிரமையே என்று சோதியாமல் சொல்லுவதும் தேராது தெளிதலின் பாற்பட்டதே. 2007ஆம் ஆண்டில் மேயர், மோரன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்நுட்பப் பதிவையும், அதனையே குறுந்தட்டின் தரத்துக்கு இறக்கிய ஒலியையும் 554 முறை ஒப்பிட்டதில் 276 முறையே விடை சரியாக இருந்தது. அது நாணயம் சுண்டுவதற்குச் சமம். அதன்பின் 2016ஆம் ஆண்டில் ஜோஷுவா ரைஸ் என்பவர் 18 ஆய்வுகளின் தரவுகளை ஒருங்கு திரட்டியபோது, சரியான விடைகள் 52.3 விழுக்காடு என்றும், பயிற்சி பெற்றவர்கள் அதனினும் மேம்பட்டார்கள் என்றும் கண்டார். வேறுபாடு இருக்கலாம், ஆனால் அது இவ்வளவு நுண்ணியது. விளம்பரங்கள் சொல்லும் இரவு பகல் பேதம் அதுவன்று.

உண்மையாகவே பெரிய பேதங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், ஒலிபெருக்கியிலும் அறையிலும் இருக்கின்றன என்று தயங்காமல் சொல்லலாம். லயத்து வீட்டின் பலகைச் சுவர் கீழ்ச்சுருதி ஒலியை வெளியே கசிய விட்டது. தாமான் வீட்டின் செங்கற் சுவரும் சிமெண்டுப் பூச்சும் பளிங்குத் தரையும் ஒலியை மீண்டும் மீண்டும் எதிரொலித்து, வார்த்தையின் மெய்யெழுத்துகளை மழுங்கச் செய்கின்றன. தரைக்கு ஒரு தடித்த விரிப்பும், ஜன்னலுக்குக் கனத்த திரையும், புத்தகம் நிறைந்த அலமாரி ஒன்றும் தரும் நன்மையை அளவுக்கருவி கொண்டும் காணலாம், கண்ணை மூடியும் கேட்கலாம். நம் நாட்டு ஈரக்காற்றும் மற்றொரு காரணம்: பழைய ஒலிபெருக்கிக் கூம்பின் ஓரத்திலுள்ள நுரைப்பஞ்சு வளையம் சில ஆண்டுகளில் இற்று உதிர்ந்துவிடுகிறது, அதனை மாற்றுவதற்கு ஆகும் சிறு தொகை, புதிய கம்பிக்குக் கொடுக்கும் பெருந்தொகையினும் பயனுடையது. இனி, வயது. ஐம்பதைக் கடந்தவர்களுள் 14,000 அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட ஒலியைக் கேட்பவர் அரியர்; தொழிற்சாலை இரைச்சலிலோ மரம் அறுக்கும் யந்திரத்தருகிலோ உழைத்தவர்களுக்கு எல்லை இன்னும் சுருங்கியிருக்கும். நாற்பதாயிரம் அதிர்வெண் வரை ஒலிக்கும் கருவி என்று அத்தகையவரிடம் விற்பது நியாயமான வியாபாரமாகாது.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு, சிறப்பாகப் பொதுப்பணத்தைக் கையாளும் ஆலய நிர்வாகக் குழுவினருக்கு, நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. தொடர்ச்சியான சராசரித் திறன், ஒரு வாட்டுக்குரிய டெசிபல், அதிர்வெண் எல்லை ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பணம் கொடுக்குமுன் உங்கள் மண்டபத்திலேயே, ஒலி மட்டம் சமன் செய்து, எது ஒலிக்கிறதென்று தெரியாத நிலையில் கேட்டுப் பாருங்கள். அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். எழுத்தில் கொடுத்த விவரம் பொய்யாக இருக்குமாயின், 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி அது குற்றம். பயனீட்டாளராகத் தம் வீட்டுக்கு வாங்கி நஷ்டமடைந்தவர், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரைக்கும் தாமே நேரில் இழப்பீடு கோரலாம். மனுவுக்குரிய கட்டணம் 5 ரிங்கிட்.